குறை சொல்லக் கூடாத சனிக்கிழமைகள்

மிசோகுச்சி திருகாணிப் பட்டறையில் தொகிகோவின் கண்ணைத் தாண்டி ஒரு கோணல் திருகாணி வெளியே போனதில்லை. பத்தொன்பது வயதில் தொத்தோரிக் கடற்கரையிலிருந்து ஒசாகாவுக்கு வந்தவள். வந்த வாரமே பரிசோதனை மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். தலை சாய்ந்தது, மரை தேய்ந்தது, நுனி மழுங்கியது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தகர டப்பாவில் போட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. பதினைந்து வருஷம் பார்த்ததில் அந்தக் குணம் மேசையோடு நிற்கவில்லை. டோஃபு கடைக்குப் போனால் சோயாக் கட்டியின் மூலை உடைந்திருக்கிறதே என்பாள். அம்மா தொலைபேசியில் கூப்பிட்டால் இதையேதானே போன வாரமும் சொன்னாய் என்பாள். சம்பந்தம் பேச வந்த இரண்டு பேர் தேநீர் ஆறுவதற்குள் எழுந்து போனதற்கும் அவள் வாய்தான் காரணம். அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை.

யென் மதிப்பு ஏறி ஏற்றுமதி படுத்துக்கொண்ட வருஷம் அது. பட்டறையில் ஆளாளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். முதலாளி மிசோகுச்சி எங்கேயோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு, கட்டுக்கட்டாக ஒரு மாத இதழை வாங்கிக்கொண்டு வந்தார். வாழ்க்கையை எப்படி வாழ்வது, வேலையை எதற்காகச் செய்வது என்று பெரியவர்கள் எழுதும் கட்டுரைகள். இனி மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை அரை மணி நேரம் இயந்திரங்கள் நிற்கும், எல்லோரும் ஒரு கட்டுரையை வீட்டிலேயே படித்து ஒரு பக்கம் எழுதி வர வேண்டும், மூன்று மூன்று பேராக உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று அறிவித்தார்.

சாணை பிடிக்கும் கிழவர் ஒகுதா, படித்தால் கம்பி விலை குறையுமா என்று கேட்டார்.

"குறையாது. நம்ம மூஞ்சி மாறும்" என்றார் முதலாளி. "ஒரே ஒரு விதி. ஒருத்தர் வாசிச்சா மத்தவங்க அதுல இருக்கற நல்லதை மட்டும்தான் சொல்லணும். குறை சொல்ல மத்த நாளெல்லாம் இருக்கு."

எல்லோரும் தொகிகோவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் குழுவில் ஒகுதாவும் நிஷிவாக்கியும். நிஷிவாக்கி கம்பியை வெட்டித் தலை அடிக்கும் இயந்திரத்தில் நிற்பவன், முப்பத்தைந்து தாண்டியவன். பேச்சு குறைவு, எழுத உட்கார்ந்தால் மட்டும் பக்கம் போதாது. முதல் சனிக்கிழமை அவன் வாசித்து முடித்ததும் தொகிகோ என்ன சொல்வதென்று தெரியாமல் திண்டாடினாள். அவன் தாளை எட்டிப் பார்த்ததில் எழுத்துப் பிழை மூன்று அவள் கண்ணில் பட்டிருந்தது. கடைசியில், "பேப்பரை மடிச்சது நேரா இருக்கு" என்றாள். ஒகுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிஷிவாக்கி மட்டும் தலை வணங்கி, அது தன் அம்மா சொல்லிக் கொடுத்த மடிப்பு என்று நன்றி சொன்னான்.

அந்த நன்றி அவளை என்னவோ செய்துவிட்டது. அடுத்த மாதத்துக்கு முன்பே தயாரானாள். ரயிலில் அந்த இதழை விரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். அடுத்தவரிடம் உள்ள நல்லதைப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் இருந்தது. பழக்கம்தானே, திருகாணியில் பழகியது மனுஷரில் பழகாதா என்று நினைத்தாள். டோஃபு கடைக்காரரிடம் இன்றைக்கு நல்ல மென்மை என்று சொன்னபோது, அவர் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். உன் குரலைக் கேட்டால் தெம்பாக இருக்கிறது என்றதும் அம்மா தொலைபேசியிலேயே அழுதாள்.

அந்த ஒன்றரை வருஷம்தான் தன் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று தொகிகோ இன்றைக்கும் சொல்வாள். சனிக்கிழமை காலை, இயந்திரங்கள் ஓய்ந்த பட்டறையில் எண்ணெய் வாசனை, பெரிய கெண்டியில் பார்லித் தேநீர், எதிரே நிஷிவாக்கி தாளைப் பிரிக்கும் சத்தம். அவன் எழுதியதில் நல்லதைத் தேடித் தேடி, ஒருநாள் தேடாமலேயே கிடைக்க ஆரம்பித்தது. அவன் வராத நாளில் மேசை நீளமாகிவிட்டதுபோல் இருந்தது. அவனை அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அவனிடம் சொல்லவில்லை. அவனே சொல்வான் என்று காத்திருந்தாள். அவனும் இவளைப் பார்த்து அப்படியே காத்திருந்தான் என்பது ஒகுதா கிழவருக்குக்கூடத் தெரிந்திருந்தது.

மறு வருஷம் அக்டோபரில் வந்த கட்டுரை, மனிதன் தான் தேவைப்படும் இடத்தில் இருப்பதே வாழ்வின் பயன் என்றது. நிஷிவாக்கி வாசித்தான். வாக்கயாமாவில் அப்பாவுக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருக்கிறது, ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்துவிட்டது, அறுவடை வருகிறது. 'ஊருக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். நான் இல்லாவிட்டால் இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை' என்று முடித்திருந்தான். முடித்துவிட்டுத் தாளை மடிக்காமல் தொகிகோவைப் பார்த்தான்.

ஒகுதா முறைப்படி, பெற்றவரை நினைக்கும் மனசு பெரிது என்றார். அடுத்து அவள் முறை. கடைசி வரி பொய் என்று அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. குவியலில் கோணல் திருகாணி எத்தனை சீக்கிரம் கண்ணில் படுமோ அத்தனை சீக்கிரம் பட்டது. ஆனால் நல்லதை மட்டும்தான் சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷமாக ஒரு தடவைகூட அவள் அந்த விதியை மீறியதில்லை, அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

"அப்பா மேல உங்களுக்கு எவ்வளவு பாசம்னு தெரியுது" என்றாள். "நல்லா எழுதியிருக்கீங்க."

அவன் தாளை மெல்ல மடித்துக்கொண்டு, நன்றி என்றான்.

விஷயம் அங்கேயே நின்றிருக்கலாம். முதலாளி அந்த மாதத்தின் சிறந்த பக்கமாக அதையே தேர்ந்தெடுத்து எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொன்னார். முப்பது பேரும் கைதட்டினார்கள். விதி விதிதான்; ஒருத்தர் துணிவு என்றார், ஒருத்தர் நன்றியுணர்வு என்றார், போகாதே என்று ஒருத்தரும் சொல்லவில்லை. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மத்தியானமே அவன் அப்பாவுக்குத் தொலைபேசி போட்டு, பையன் வருகிறான் என்று சொல்லிவிட்டார். யோசிக்கிறேன் என்று எழுதியவன் போகிறவனாகிவிட்டான். அத்தனை பாராட்டை வாங்கிக்கொண்டு போகவில்லை என்று எந்த மனுஷனால் சொல்ல முடியும்?

மாதக் கடைசியில் வழியனுப்பு விருந்து. முட்டைக்கோஸ் தோசை சுடும் கடையில் அவனும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இப்போது சொல்லிவிடலாம், இங்கே விதி கிடையாது என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. முதலில் குறை சொல்லியே பழகிய வாய், அப்புறம் பாராட்டப் பழகிக்கொண்டது. எனக்கு நீ வேண்டும் என்று கேட்க மட்டும் அதை யாரும் பழக்கவில்லை. அவன் ஒரு துண்டு வெட்டி அவள் தட்டில் வைத்தான். நன்றாக வெந்திருக்கிறது என்றாள்.

அவன் போன பிறகும் அவள் இதழை நிறுத்தவில்லை. வாசிப்பு அவளைக் கெடுத்துவிட்டது என்று சொல்ல முடியாது. பட்டறைக்கு வந்த சின்னப் பெண்களெல்லாம் அவள் மேசைப் பக்கம் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார்கள். நிஷிவாக்கி அங்கே கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான், இரண்டு பெண் குழந்தைகள் என்று சேதி வந்தது. தொகிகோ தனியாகவே இருந்துவிட்டாள்.

இருபத்தோரு வருஷம் கழித்து முதலாளி இறந்துபோனார். இறுதிச் சடங்குக்குக் கறுப்புக் கோட்டில் நிஷிவாக்கி வந்திருந்தான். தலை முழுக்க நரை, கையெல்லாம் தோட்டக்காரன் காய்ப்பு. சடங்கு முடிந்து இருவரும் ரயில் நிலையம் வரை சேர்ந்து நடந்தார்கள். முதலாளியைப் பற்றிப் பேசினார்கள், ஒகுதா கிழவர் போய்ச் சேர்ந்ததைப் பற்றிப் பேசினார்கள். டிக்கெட் வாயிலுக்கு முன்னால் அவன் நின்றான்.

"ஒண்ணு கேக்கணும், தொகிகோ சான். அன்னைக்கு நான் வாசிச்ச கடைசி வரி... அதுல ஒண்ணும் தப்பா படலையா உங்களுக்கு?"

அவள் கைப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க மறுத்துப் பேசுவீங்கன்னுதான் அதை எழுதினேன்" என்றான். "குறை சொல்ல உங்களை விட்டா அங்க வேற ஆளே கிடையாதே."

தொகிகோவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. வெட்கப்படவில்லை. அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அது பொய். அப்பவே தெரியும்" என்றாள். "நீங்க இல்லாம எனக்குக் குறைதான் இருந்துச்சு, நிஷிவாக்கி சான். தினமும் இருந்துச்சு."

வாக்கயாமா ரயிலுக்கு அறிவிப்பு வந்தது. அவன் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அவள் சொன்னாள்.