முடவாட்டுக்கால் விற்ற அம்மாள்

டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு என் முட்டிவலி மசியவில்லை. முடவாட்டுக்கால் கிழங்கில் சூப் வைத்துக் குடித்தால் பறந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். அதை நம்பி நொண்டிக்கொண்டே கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினேன்.

பஸ் நிற்குமிடத்தில் ஓர் அம்மாள் அந்தக் கிழங்கைக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார். ஆட்டுக்கால் போலவே ரோமம் மூடிய கிழங்கு. பேச்சுக்குப் பேச்சு அதை எடுத்துத் தன் முட்டியில் ஒரு தட்டு தட்டுவார்.

“தோலச் சீவிட்டு, மிளகு சீரகம் இடிச்சிப் போட்டுக் கொதிக்க வைங்க. ஒரே மாசம், ஓடுவீங்க.”

பை நிறைய வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் அவரும் கம்பியைப் பிடித்து முனகிக்கொண்டே ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

“கள்ளக்குறிச்சி சந்தைக்குங்களா?” என்று கேட்டேன்.

“டாக்டருகிட்டங்க. முட்டி வலி உயிர் போவுது.”

“அப்ப சூப்பு?”

“அது தெனம் குடிக்கிறேன்” என்றார், கொஞ்சமும் கூசாமல். “நீங்க எந்த டாக்டருகிட்ட பாத்தீங்க? மருந்துக்கு வலி கேக்குதா?”

என் டாக்டரின் பெயரைச் சொல்லி, நானும் கூசாமல் சேர்த்தேன்: “கைராசிக்காரருங்க. ஒரே மாசம், ஓடுவீங்க.”

அவர் என் மடியிலிருந்த கிழங்குப் பையைப் பார்த்தார். பிறகு வளைவுக்கு வளைவு முட்டியைப் பிடித்துக்கொண்டு, கள்ளக்குறிச்சி வரும்வரை சிரித்தார். என் டாக்டரை நினைத்தா, தன் கிழங்கை நினைத்தா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.