சீகிரியா மதிலில் ஒற்றை வரிசை

சீகிரியாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கல்லில் ஏறத்தான் போவார்கள். நாங்கள் போனது அதன் காலடியைச் சுற்றி ஓடும் பழைய மதில்களைப் பார்க்க. என் மகளுக்குப் பேசியிருந்த பையனின் உம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. அங்கே ஒரு ஹோட்டலில் வேலை செய்யும் பையன்தான் யோசித்து, காலையிலிருந்து பகல் வரை மதிலோடு மதிலாக நடத்திக் காட்டும் ஒரு வழிகாட்டியைப் பிடித்து வைத்திருந்தார். சம்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. இரண்டு உம்மாமாரும் ஒரு நாள் சேர்ந்து நடந்தால் தானாகப் பேசி முடித்துவிடுவார்கள் என்பது அவருடைய எண்ணம்.

பேச வேண்டியது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் மகளுக்கு வலிப்பு இருக்கிறது. பதினாலு வயதில் தொடங்கியது. மருந்து எடுக்கிறாள், நாலு வருடமாக ஒருமுறைகூட வரவில்லை. முன்பு ஒரு இடத்தில் பேசியபோது நாங்கள் மறைத்தோம். யாரோ சொல்லி அவர்களுக்குத் தெரியவந்து, ஒரு போன்கூட எடுக்காமல் விட்டுவிட்டார்கள். மகள் இரண்டு நாள் அறைக்கதவைத் திறக்கவில்லை. இந்த முறை அவளே பையனிடம் சொல்லிவிட்டாள். அவர், தனக்கு இது ஒரு குறையாகத் தெரியவில்லை, ஆனால் தன் உம்மாவுக்கு இது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயால்தான் தெரியவேண்டும் என்றாராம். கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஊரிலேயே நின்றுகொண்ட என் கணவர், இப்போதைக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார். மகளோ மாத்தளையிலிருந்து வேனில் வரும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே, "பகல் சாப்பாட்டுக்கு முந்தி நீங்க சொல்லணும் உம்மா. இல்லாட்டி சாப்பாட்டு மேசையில நானே சொல்லிருவேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

போய் இறங்கியதும் பையனுக்கு ஹோட்டலில் இருந்து அழைப்பு. எங்களை வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினார். வழிகாட்டி அந்த ஊர்க்காரர், சிங்களம் மட்டும் பேசுகிறவர். பையனின் உம்மா காத்தான்குடி, அவருக்குச் சிங்களம் வராது. மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்த எனக்கு இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே நான் மொழிபெயர்ப்பாளராகிவிட்டேன்.

காலையில் யானை வந்துபோன பாதை, சாணம் இன்னும் காயவில்லை என்று வழிகாட்டி காட்டினார். ஒற்றை வரிசையில் வரவேண்டும், தான் நிற்கும் இடங்களில் தவிர யாரும் பேசக்கூடாது என்றார். முதலில் அவர், பிறகு பையனின் உம்மா, பிறகு நான், கடைசியில் மகள்.

அந்த வரிசையே எனக்கு ஆகவில்லை. மகள் எனக்குப் பின்னால் நடந்து பழக்கமில்லை. கடைவீதியானாலும் கல்யாண வீடானாலும் பஸ் படியானாலும் அவளை முன்னால் விட்டுத்தான் நான் வருவேன். விழுந்தால் பிடிக்க வேண்டுமே. என்னை 'கேமரா' என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்குக் கடைசி இடம் கிடைத்ததில் அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் நாலடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்து, வேர் தடுக்கி, இரண்டு தரம் விழப் பார்த்தேன். விழக்கூடாத ஆள் பின்னால் ஜம்மென்று வந்துகொண்டிருந்தாள்.

மதில் என்றால் பெரும்பாலும் மண் வரப்புதான். மேலே மரம் முளைத்து, அங்கங்கே செங்கல் பல்லைக் காட்டும். ஒரு பக்கம் கீழே அகழி, தாமரை இலை, முதலை இருக்கிறது என்று ஒரு பலகை. நான் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு நீல அபாயாவின் முதுகு. அந்த முதுகிடம் என் வசனத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எப்படித் தொடங்கினாலும் கேவலமாக இருந்தது.

நின்ற இடங்களிலாவது பேசலாம் என்றால், அங்கே வழிகாட்டி விடுவாரா? எதிரி எந்தப் பக்கமாக வருவான், எந்த வாசலை எப்போது அடைப்பார்கள் என்று அடுக்கினார். பையனின் உம்மா அதற்கு மேலே. தண்ணீர் எங்கிருந்து வந்தது, பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேள்வியும் பதிலும் என் வாய் வழியாகத்தான் போய் வந்தன. இந்த மதிலைக் கட்டிச் செத்துப்போன ஓர் அரசனின் பயத்தையெல்லாம் விளக்கிச் சொன்னேன், என் பயத்தைச் சொல்ல இடமில்லை. அந்த மனிதர்மேல் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. நான் விட்டுவிட்டுச் சொன்னதைப் பின்னாலிருந்து மகள் திருத்தியது இன்னும் எரிச்சல்.

தெற்குப் பக்கம் ஒரு கருங்கல் மதிலுக்கு வந்தோம். ஆள் உயரக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியிருந்தார்கள். இதுதான் கடைசி, இனிச் சாப்பாடுதான் என்றார் வழிகாட்டி. பிறகு கல்லில் கை வைத்து, இதற்குச் சுண்ணாம்புச் சாந்து கிடையாது, பாரத்திலேயே நிற்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மகள் கையில் இருந்த போனில் நேரம் பார்த்தாள்.

"இதுக்குச் சாந்து இல்லையாம் ராத்தா, பாரத்துலயே நிக்குதாம்," என்று தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. "என் மகளுக்கு வலிப்பு இருக்கு. பதினாலு வயசுல இருந்து. மருந்து குடிக்கிறா, இப்ப நாலு வருஷமா வரல்ல. இனி வராதுன்னு என்னால சத்தியம் பண்ண ஏலாது. முந்தி ஒரு இடத்துல நாங்க மறைச்சோம். உங்ககிட்ட மறைக்க மனசில்ல."

ஒரு சின்ன வாக்கியம் தமிழில் இவ்வளவு நீளமாகிறதா என்று வழிகாட்டி வாய் பார்த்துக்கொண்டு நின்றார். பையனின் உம்மா கல்லைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"வந்தா என்ன செய்யணும்?" என்று கேட்டார். "கையில சாவி குடுக்கணுமா?"

"ஒண்ணும் குடுக்க வேணாம். வாயில எதுவும் வைக்கக்கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலைக்கு மெத்துன்னு எதையாவது வச்சாப் போதும்."

அவர் அதை மெல்லிய குரலில் ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா என்ன கேட்கிறார் என்று வழிகாட்டி விசாரித்தார். மதிலைப் பற்றித்தான் என்றேன்.

திரும்பி நடக்க வரிசை சேர்ந்தபோது பையனின் உம்மா கையை நீட்டி மகளைக் கூப்பிட்டார்.

"மகள், நீங்க எனக்கு முன்னால நடங்க. என்ட கண்ணுக்குத் தெரியட்டும்."

இதே வார்த்தையை நான் சொன்னால் சண்டைக்கு வருகிறவள், உடனே என்னைத் தாண்டிப் போனாள். போகும்போது என் கையை அழுத்திவிட்டுப் போனாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நீல முதுகு அவளை முழுதாக மறைத்தது. இடமும் வலமும் எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் காலையிலிருந்து வந்த பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.