நிலாவுக்கு ஒரு தராசு

நிலாவுக்குத் தராசு செய்து கொடுத்த குடும்பம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான். கொடுக்கவில்லை, செய்ததோடு சரி. செய்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது, கை தவறி அப்படி அமைந்துவிட்டது. இவ்வளவு குறைத்த பிறகும் மிச்சமிருக்கிற பெருமை என் தங்கைக்குச் சேரவேண்டியது. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவளுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. அப்பாவுக்குப் பிறகு அவருடைய தராசு பழுதுபார்க்கும் கடையை நாற்பது வருடம் நடத்தினாள். அலமாரியில் எடைக்கற்களுக்குப் பாதி இடம், புத்தகங்களுக்குப் பாதி இடம். வேற்றுக்கிரகம், மிதக்கும் நகரம், பேசும் மரம், நெருப்பு கக்கும் பல்லி, எதுவானாலும் படிப்பாள். படிக்கும்போது காதில் ஒரு பென்சில் செருகியிருக்கும். கதையில் ஒரு பறவை இளவரசனைத் தூக்கிக்கொண்டு பறந்தால் போதும், பறவையின் எடை, இளவரசனின் எடை, இறக்கையின் நீளம் எல்லாவற்றையும் ஓரத்தில் போட்டுப் பார்த்து, கீழே "தூக்காது" என்று எழுதுவாள். எழுதிவிட்டு, இளவரசன் விழுந்துவிடுவானோ என்று நெஞ்சு படபடக்க அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள். அவள் திருப்பித் தரும் புத்தகங்களுக்கென்றே நூலகத்தில் தனியாக ஒரு ரப்பர் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்பதற்கு நான் நேரில் பார்த்த சாட்சி. அப்போது அவளுக்கு எட்டு வயது, எனக்குப் பன்னிரண்டு. வீட்டின் முன்னறைதான் கடை. அப்பா அதிகம் பேசமாட்டார்; பொய் சொல்லவோ சுத்தமாக வராது. ஒருநாள் மாவு மில்காரர் தன் தராசை வாங்கிப்போக வந்தார். ஆள் ஏறி நிற்கிற மாதிரி அகலத் தட்டும், மேலே வட்ட முகமும், அதில் ஒரு முள்ளும் உள்ள ஸ்பிரிங் தராசு. சரி பார்ப்பதற்காகக் கையோடு அறுபது கிலோ மாவு மூட்டை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். தட்டில் வைத்தார். முள் மெல்ல நகர்ந்து பத்தில் நின்றுவிட்டது.

"என்னங்க இது? வாசல்லேருந்து உள்ள வர்றதுக்குள்ள அம்பது கிலோவை எலி தின்னுடுச்சா?"

அப்பாவுக்கு வியர்த்தது. லாரி எடைமேடைக்கு வாங்கி வைத்திருந்த தடித்த ஸ்பிரிங்கை இதற்குள் மாட்டிவிட்டார். அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு நாள்காட்டி, அதில் முழு நிலா.

"இது... உங்களுது இல்ல. வேற ஆர்டர்."

"யாரோட ஆர்டர்?"

"நிலாவுக்கு."

மில்காரர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப சரி. அவங்களுது முடிஞ்சதும் நம்மளுதையும் கொஞ்சம் பாருங்க, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லி, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை சிரித்துக்கொண்டே போனார்.

என் தங்கை சிரிக்கவில்லை. கதவோரம் நின்றிருந்தவள் நேராக அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, நிலாவுல யாருப்பா மாவு விக்கிறாங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கோ வாய் சும்மா இருக்காது. பள்ளியில் அந்த வாரம்தான் நடத்தியிருந்தார்கள், நிலாவில் எதை நிறுத்தாலும் ஆறில் ஒரு பங்குதான் காட்டும் என்று. "அறுபதுல ஆறுல ஒண்ணு எவ்வளவுடி?" என்றேன்.

விரல் விட்டு எண்ணினாள். "பத்து."

"முள்ளு எங்க நின்னுச்சு?"

அவள் கண்கள் விரிந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அப்பாவுடைய கண்களும் விரிந்தன. வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே பொய், கணக்கில் சரியாக வந்துவிட்டதே!

அன்று மாலையே மில்காரருடைய தராசில் சரியான ஸ்பிரிங்கை மாட்டினார். தடித்த ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. அழுது புரண்டு, மூலையில் கிடந்த பழைய தராசு ஒன்றில் அதை மாட்டவைத்தாள். மறுநாள் முதல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இரண்டு எடை. நான் நிலாவில் ஆறு கிலோ, அம்மா பத்து. அம்மா தட்டைவிட்டு இறங்கவே இல்லை. "இப்படியே இருந்துட்டா முழங்கால் வலிக்குமா?" என்று வேறு கேட்டாள்.

விஷயம் தெருவுக்குள் பரவியது. முதலில் வந்தவர் எதிர்வீட்டு அத்தை, பூமியில் எண்பத்து நான்கு கிலோ. தராசில் ஏறி, பதினான்கைப் பார்த்து, "உங்க மாமா கிட்ட போய் இதைச் சொல்லணும், என்னை வண்டியில ஏத்த மாட்டேன்னு சொல்றாரு" என்று குதித்தார். தராசு முனகியது. நாலு நாளில் மதியச் சமையல் முடிந்த பெண்கள் எல்லோரும் எங்கள் கடைமுன் வரிசையாக நின்றார்கள். என் தங்கை முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "அடுத்தவங்க வாங்க, செருப்பைக் கழட்டுங்க" என்று நிலாவுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அந்த வரிசைக்கு நடுவில் ஒருநாள், தோளில் பையுடன் முத்திரை ஆய்வாளர் வந்து நின்றார். ஊரிலுள்ள தராசையெல்லாம் சோதித்து முத்திரை குத்துகிறவர். எங்களை மாதிரிப் பழுதுபார்ப்பவர்களுக்கு உரிமம் கொடுப்பதும், கொடுத்ததைப் பறிப்பதும் அவர்தான். உரிமம் போனால் அப்பா ஒரு திருகாணியைக்கூடத் தொட முடியாது. தப்பாக எடை காட்டும் தராசு, அதுவும் பழுதுபார்க்கும் கடையில், அதுவும் ஊரே ஏறி இறங்கிக்கொண்டு!

எட்டிப் பார்த்தார். அத்தை இரண்டாம் தடவையாக ஏறி நின்றிருந்தார். முள் பதினான்கில்.

"பதினாலு கிலோவாம்மா நீங்க?"

"நிலாவுல சார்" என்றார் அத்தை, கொஞ்சம் வெட்கத்துடன்.

ஆய்வாளர் பையைத் திறந்து நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தார். அப்பா எழுந்து நின்றார். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த உரிமத்தையும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாமா, அது தப்பா காட்டல. நிலாவுக்குச் செஞ்சது" என்றாள் என் தங்கை.

"நிலாவுக்கா?" ஆய்வாளரின் பேனா நின்றது. "இதை அங்க தூக்கிட்டுப் போனா என்ன காட்டும் தெரியுமா? அங்க ஏற்கெனவே ஆறுல ஒண்ணு. இந்த ஸ்பிரிங் அதுலயும் ஆறுல ஒண்ணாக்கும். அறுபது கிலோ மூட்டை ரெண்டு கிலோகூடக் காட்டாது. அங்க இருக்கிற மாவு வியாபாரி உங்கப்பாவைச் சும்மா விடுவானா?"

அவள் அசந்துபோனாள். நான் அவளைக் கிள்ளினேன், அழுதுவிடுவாளோ என்று. அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"அப்ப அங்க சரியா காட்டுற தராசு, இங்க எவ்வளவு காட்டும்?"

ஆய்வாளர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்க ஆறு மடங்கு காட்டும். இந்தம்மா ஏறினா..." நோட்டீஸின் பின்பக்கத்தில் பெருக்கினார். "ஐந்நூத்து நாலு கிலோ."

அத்தை தட்டிலிருந்து குதித்து இறங்கினார். வரிசையில் நின்ற பெண்களுக்கெல்லாம் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தது ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. கடை காலி. என் தங்கை மட்டும் ஆய்வாளரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்போ நெருப்பு அங்க எரியுமா மாமா? தண்ணி ஊத்தினா மெதுவா விழுமா? ஏணி வேணுமா, குதிச்சே கூரைக்குப் போயிடலாமா?" அவரும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சொல்லிச் சொல்லி, எதற்கு வந்தோம் என்பதையே மறந்தார். கடைசியில் நோட்டீஸை நாலாகக் கிழித்துப் போட்டார். பையிலிருந்து நிலாப் பயணக் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அப்பாவின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அன்று பிடித்த பைத்தியம், இன்றுவரை தெளியவில்லை.

இதுவரை எழுதியதை அவளுக்கே வாசித்துக் காட்டினேன். எதிர் நாற்காலியில் இருந்தவள் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

"அக்கா, அவர் நோட்டீஸைக் கிழிக்கல. அப்பா கையிலயே கொடுத்தார். உரிமம் போகல, ஆனா பதினஞ்சு நாள் கடையை மூடணும்னு எழுதியிருந்துச்சு. புத்தகமும் அவர் கொடுக்கல. அப்பாவுக்குப் போக இடம் இல்ல, வீட்டுல உக்காந்தா அம்மா திட்டுவாங்க. நூலகத்துல ஃபேன் இருந்துச்சு. பதினஞ்சு நாளும் என்னையும் இழுத்துக்கிட்டு அங்க போயிட்டார். நிலாக் கதை வேணும்னு நான் கேக்கவே இல்ல. அப்பாதான் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற நூலகத்து அம்மா கிட்ட போய் நின்னு, தராசு வர்ற கதை ஏதாவது இருக்கான்னு கேட்டார்."