பதினான்கை அவர் பதிமூன்று என்றார்

என் கணவர் கிள்ளானில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நாங்கள் குடியிருந்தது பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த மரவீடு ஒன்றில். காலையில் அவர் ரயிலேறினால் சாயங்காலம்தான் திரும்புவார். நடுவிலிருந்த பகல் முழுதும் என்னுடையது.

சென்னையில் கணிதப் பட்டம் வாங்கிய மறு மாதமே எனக்குக் கலியாணம். கப்பலில் கொண்டுவந்த பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அதில் 'குரூப்' என்று படித்ததை இப்போது குலம் என்கிறார்கள். சதுர அட்டை ஒன்றைத் திருப்பியும் புரட்டியும் அதே இடத்தில் பொருத்த எட்டு வழிகள் உண்டு. அவற்றில் எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் அந்த எட்டில் ஒன்றுதான் கிடைக்கும். செய்ததை அவிழ்க்கவும் அதற்குள்ளேயே வழி இருக்கும். அப்படிப்பட்ட கூட்டம்தான் குலம்; அதிலுள்ள ஒவ்வொன்றும் ஓர் உறுப்பு. ஏழு உறுப்புகள் என்றால் ஒரே வகைக் குலம்தான் உண்டு. ஆனால் ஒரு பகா எண்ணை அதனாலேயே பெருக்கிக்கொண்டு போனால் வகைகள் பெருகும். இரண்டு அதில் மகா பொல்லாதது. எட்டுக்கு ஐந்து வகை. பதினாறுக்கு? என் புத்தகம் எட்டோடு நின்றுவிட்டது.

ஐரோப்பாவில் யாராவது எண்ணி முடித்திருப்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் நானே எண்ண வேண்டும் என்று பிடிவாதம். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எட்டு மாதம் எண்ணினேன்.

"பதினாறுக்குப் பதினாலுங்க," என்றேன் அவரிடம், சாப்பாட்டின்போது.

"அப்படியா? ரசம் ஊத்து."

சில வாரம் கழித்து, எங்கள் வட்டாரத் தமிழர் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை சொற்பொழிவு. பேசுகிறவர் என் கணவர் என்பது பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பின்வரிசைப் பெண்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவர் காகிதத்தை விரித்து வாசித்தார். நான் வகுத்த வரிசை, நான் வைத்த குறிகள், நான் எழுதிய முதல் வாக்கியம். குரல் மட்டும் அவருடையது. "இதற்காக ஓராண்டு உழைத்தேன்," என்றார்.

கடைசியில் கரும்பலகையில் பெரிதாக எழுதினார்: பதிமூன்று.

திருடியதைக்கூட ஒழுங்காகத் திருடவில்லை! இரண்டு குலங்களை ஒன்றென்று நினைத்து ஒன்றை அடித்துவிட்டிருக்கிறார்.

எழுந்தேன். "பதினாலு."

தலைவராக இருந்த டாக்டர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "கேள்வியெல்லாம் கடைசியிலம்மா."

"கேள்வி இல்லைங்க. கணக்கு தப்பு."

"உக்காரு," என்றார் கணவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அந்த ரெண்டுலயும் ரெண்டு தடவை செஞ்சா பழைய நிலைக்கே திரும்பற உறுப்பு மூணு, நாலு தடவையில திரும்பறது பன்னெண்டு. அதனால ஒண்ணுன்னு நெனச்சிட்டாங்க. ஒரு குலத்துல அந்தப் பன்னெண்டையும் தன்னோடயே பெருக்கினா ஒரே விடைதான் வரும். மத்ததுல ரெண்டு விடை வரும். அப்புறம் எப்படி ஒண்ணாகும்?"

முன்வரிசையிலிருந்த ரயில்வே இஞ்சினியர் ஒருவர் எழுந்துபோய்ச் சுண்ணக்கட்டியை எடுத்தார். கால் மணி நேரம் பெருக்கிப் பார்த்தார். "அம்மா சொல்றது சரிதான் லா," என்று அந்த ஊர் வழக்கில் சொன்னவர், என் கணவர் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினார். "வீட்டுல நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க, மாஸ்டர்!"

சபை முழுவதும் கைதட்டியது. என் கணவர் தலையைத் தாழ்த்தி அதை ஏற்றுக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டியே," என்றார்.

"அந்தக் கணக்கு யாரோடது?"

"புருசன் பொண்டாட்டிக்குள்ள உன்னுது என்னுதுன்னு என்ன இருக்கு?"

"அப்ப மேடையில நாங்கன்னு சொல்லியிருக்கலாமே. நான்னுதானே சொன்னீங்க?"

அவர் வேகமாக முன்னால் நடந்துவிட்டார்.

சங்கத்தின் ஆண்டறிக்கை அச்சாகி வந்தது. அவர் பெயர், அவர் சொற்பொழிவு; வகைகள் மட்டும் பதினான்கு. திருத்தியது யார் என்று ஒரு வரி இல்லை. காரியதரிசியிடம் போய்க் கேட்டேன். "அவர் பேர் வந்தா ஒங்க பேர் வந்த மாதிரிதானே அக்கா?" என்று சிரித்தார். எதிரிலிருந்த பேனாவை எடுத்து, அங்கிருந்த சங்க வாசகசாலைப் பிரதியில் என் கணவர் பெயரை அடித்து என் பெயரை எழுதினேன். காரியதரிசியின் சிரிப்பு நின்றது. அடுத்த வாரம் அந்தப் பிரதி அலமாரியில் இல்லை.

பிறகு முப்பத்திரண்டை எடுத்துக்கொண்டேன். மூன்று வருடம் ஆயிற்று, ஐம்பத்தொன்று வந்தது. கணவரிடம் சொல்லவில்லை. தாள்களை அவர் கை போகவே போகாத இடத்தில், அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

அவர் போய்ப் பல வருடமாகிறது. நல்ல மனிதர் என்கிறார்கள், அடித்ததில்லை, குடித்ததில்லை. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அன்று தலையைத் தாழ்த்தி அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டாரே, அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை.