போலீஸைத் தாண்டி ஏறிக்கோ

பழங்காநத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை. தினமும் காலையில் என் கணவர்தான் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிக்கும் என்பதால், போலீஸ்காரர் நிற்கும் தெருமுக்கு வருவதற்கு முன்பே "இறங்கு" என்பார். போலீஸ்காரரைத் தாண்டும்வரை நடந்துவிட்டு, உருண்டுகொண்டிருக்கும் சைக்கிளில் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வேன். நிறுத்தி ஏற்றிக்கொள்ள அவருக்குப் பொறுமை கிடையாது.

போன மாதம் அப்படித் தாவியபோது, சேலை சக்கரத்தில் சிக்கி நடுரோட்டில் விழுந்தேன். பின்னால் வந்த டவுன் பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது.

"ஏம்மா, சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுச்சா?" என்று டிரைவர் கத்தினார். அவர் கேட்டது நியாயம்.

என் கணவரோ, "நல்லவேளை, போலீஸ்காரன் பாக்கல" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போலீஸ் பாக்காட்டி என்ன? எமன் பாத்துட்டான்ல!" என்று நடுரோடென்றும் பாராமல் கத்திவிட்டு, கிழிந்த சேலையோடு நடந்தேன்.

அன்றிலிருந்து அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பி நடந்தே போகிறேன். முக்கில் போலீஸ் இல்லாத நாட்களில் அவர் சைக்கிளில் பக்கத்தில் வந்து பெல் அடித்து, "இன்னைக்கு யாரும் இல்ல, ஏறிக்கோ" என்கிறார்.

யாரும் இல்லையாம். அப்படியானால் கேரியரில் உட்கார வேண்டிய நான் யார்?