லாத்தாவை வரப்பில் உட்கார விடவில்லை

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு என் வயிற்றில் பிறந்தது, ஒன்று என் தங்கை விட்டுப்போனது. கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

ஒரு குறுவை நடவில் என்னை வரப்பில் உட்காரவைத்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. உச்சவரம்புச் சட்டத்தில் எங்களுக்கு வந்த நிலத்தின்மேல் பண்ணை வீட்டார் வழக்குப் போட்டார்கள். வழக்கு அடிதடியாகி, என் வீட்டுக்காரர் சிறைக்குப் போய் வந்தார். அந்த வருஷங்களில்தான் எனக்கு மனசு கலைந்தது. ஆளில்லாத இடத்திலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து, சத்தம் அடங்கி, நடவுக்குத் திரும்பினேன். அதற்கு முன் எங்கள் தெரு நடவாட்களுக்கு நான்தான் தலைமை. அன்றைக்கோ, "நீ உட்காரு அண்ணி, ஒம் பங்கையும் நாங்களே நட்டுடுறோம்" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். சாயங்காலம் கூலியும் கொடுக்க வந்தார்கள். நடாத கூலி எனக்கு எதற்கு? வாங்காமல் வந்துவிட்டேன்.

அந்த வாரம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில்தான் லாத்தாவைப் பார்த்தேன். முத்துப்பேட்டையில் துணிக்கடை வீட்டம்மா, வீட்டுக்காரர் துபாயில். அவர்கள் பக்கத்தில் அக்காவை லாத்தா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவரும் மாத்திரை வாங்க வந்தவர்தான். கவலையில் விழுந்து மாசக்கணக்கில் அறையை விட்டு வராமல் கிடந்து எழுந்தவர். சீட்டுக்கு நின்ற எங்களைப் பிடித்து வேப்பமரத்தடியில் வாரா வாரம் உட்காரவைத்துப் பேசவைத்தார். பிறகு, ஒரு டாக்டரம்மா துணையோடு, எங்களில் சிலருக்கு அந்தக் கூட்டத்தை நடத்தவும் பழக்கினார்.

"புத்தி சொல்லாதீங்க. ஒங்களுக்கு நடந்ததச் சொல்லுங்க. அவங்க பேசுறப்ப வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க." இதுதான் லாத்தாவின் பாடம்.

"கடைசியாச் சொன்னீங்களே, அதுதான் எனக்கு வராது லாத்தா" என்றேன்.

"மொதல்ல சொன்னதும் வரல தங்கச்சி. அந்தப் புள்ளைய இப்பத்தான் தலைக்குக் குளின்னு அதட்டுனீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வயல் ஆட்களை ஏவிய வாய் அது, அடங்க நாளானது. அடங்கிய பிறகுதான், ஒரு மனுஷி தன் கதையைச் சொல்லி முடிக்கும்போது அவள் முதுகு தானாக நிமிர்வதைப் பார்த்தேன்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் லாத்தா வருவது நின்றுபோனது. நோய் திரும்பிவிட்டது என்று தெரிந்தது. எங்களோடு கூட்டம் நடத்திய கண்டக்டர் அண்ணன், "பாவம், அவங்க நல்லா ஓய்வெடுக்கட்டும். இனிமே எல்லாத்தயும் நாமளே பாத்துக்குவோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என்னை வரப்பில் உட்காரவைத்தவர்களும் இதைத்தானே சொன்னார்கள்? மறுநாள் பஸ் ஏறி முத்துப்பேட்டை போனேன்.

ஜன்னலைச் சாத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "தேறிடலாம் தேறிடலாம்னு எல்லாருக்கும் சொன்னவ நான். நானே இப்புடிக் கெடக்கேன். இனி அங்க வந்து என்னன்னு சொல்ல? தலைவின்னு ஒக்காரவா?"

"தலைவியா யாரு கூப்புட்டா? அத நான் பாத்துக்குறேன்" என்றேன். பிறகு எங்கள் நடவைப் பற்றிச் சொன்னேன். ஆளுக்குக் கையெட்டும் அகலம் பங்கு. ஒருத்திக்குக் கை ஓடவில்லை என்றால் இரண்டு பக்கத்துக்காரிகளும் அவள் பங்கில் கொஞ்சம் சேர்த்து நடுவார்கள். முழுசாக நட மாட்டார்கள். நடுவில் அவளுக்கென்று கொஞ்சம் விட்டுவைப்பார்கள். அதை அவள்தான் நடவேண்டும். அவள் நகரும்வரை மற்றவர்களும் நிற்பார்கள்.

"எனக்கு நாத்துக்கும் புல்லுக்குமே வித்தியாசம் தெரியாதே."

"அது எனக்கும் தெரியும், அதனாலதான் பாய் விரிக்கச் சொல்லப் போறேன். வர்றவங்களுக்குப் பாய் விரிங்க. அது ஒங்க பங்கு."

"பாய் விரிக்கவா முத்துப்பேட்டையிலேருந்து பஸ் ஏறணும்?"

"ஆமா. நீங்க வர்ற வரைக்கும் யாரும் விரிக்க மாட்டோம். நிப்போம்."

அந்த வாரம் நின்றோம். கண்டக்டர் அண்ணன் கால் மாற்றி மாற்றி நின்று முணுமுணுத்தார். அம்மாவோடு புதிதாக வந்த ஒரு பெண் எங்களை விநோதமாகப் பார்த்தாள். வெகுநேரம் கழித்து, தன் தங்கை கையைப் பிடித்துக்கொண்டு லாத்தா வந்தார். இளைத்துப் போயிருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பாயை விரித்துவிட்டு ஓர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் கூட்டத்தைத் தொடங்கினேன். புதிதாக வந்த பெண்ணின் அம்மா என்னிடம், "இது திரும்பி வராதுல்ல?" என்று கேட்டாள். வராது என்று சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

ஓரத்திலிருந்து லாத்தா சொன்னார்: "எனக்குத் திரும்பி வந்துச்சும்மா. இப்பவும் இருக்கு. இவங்கள்லாம் எனக்காக நின்னுக்கிட்டு இருந்தாங்க, வந்துட்டேன்."

அவ்வளவு நேரமும் தலை நிமிராமல் இருந்த அந்தப் பெண் எழுந்துபோய் லாத்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒங்களுக்கும் தூக்கம் வராதா?" என்று மெதுவாகக் கேட்டாள். லாத்தா வாயை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

போதும் கண்ணு, இதோடு நிறுத்து. எங்கே, முதலிலிருந்து படித்துக்காட்டு. லாத்தா பேச்சை நீ அழகுபடுத்தியிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.