சுவரில் ஏறும் ஓதம்

சென்னைப் புறநகரில், முடிச்சூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சனிக்கிழமைதோறும் கடலைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கடல் ஆய்வு அலுவலகம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு எனக்கு எதுவும் சட்டென்று உறைப்பதில்லை. வீட்டில் இருந்தால் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். அதனால் போனேன். வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள், நான்கு மின்விசிறிகள். ஒன்று ஆடிக்கொண்டே சுற்றும். அது யார் தலையில் விழுமோ என்று மேலே ஒரு கண் வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துவேன்.

கடலாமை வலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாவதைச் சொன்னேன். இங்கே கால்வாயில் வீசும் பிளாஸ்டிக் கவர் அடையாற்றோடு கடலுக்குப் போய்ச் சேருவதைச் சொன்னேன். கடலையே பார்க்காதவர்கள் யார் என்று கேட்டபோது ஒன்பது கைகள் உயர்ந்தன.

ஒருநாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டார். "சார், சனிக்கிழமையை மேத்ஸுக்குக் கேக்கறாங்க. தாளாளர் வந்து உங்க கிளாஸைப் பார்க்கட்டும். பசங்க நல்லா பதில் சொன்னா கன்டினியூ பண்ணலாம்."

பயம் என்று எதுவும் வரவில்லை. பிள்ளைகளுக்குக் காட்ட வைத்திருந்த சிப்பிகளை மட்டும் அந்த வாரம் முழுக்கத் துடைத்துத் துடைத்து பிஸ்கட் டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

தாளாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடப்புத்தகத்தைப் புரட்டினார். "ஓதம்னா என்ன? யாராவது சொல்லுங்க."

நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "வெள்ளம் வந்துட்டுப் போனா சுவத்துல ஏறும் சார். பெயின்ட் எல்லாம் உரிஞ்சு வரும்."

"அவ வூட்டுலயே கடல் கீது சார்," என்றான் பின்னாலிருந்து ஒருவன். வகுப்பு சிரித்தது. தாளாளரும் சிரித்தார்.

கடல்மட்டம் ஏறி இறங்குவதற்குப் புத்தகத்தில் ஓதம் என்றுதான் பெயர். சுவரில் ஊறும் ஈரத்துக்கும் இந்தப் பக்கத்து வீடுகளில் அதே பெயர்.

"அவள் சொன்னதிலும் விஷயம் இருக்கு சார்," என்றேன். "வெள்ளம் வர்ற நேரத்துல கடல்ல ஓதம் ஏறியிருந்தா, முகத்துவாரத்துல ஆத்துத் தண்ணி சீக்கிரம் வடியாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அந்தத் தடை முடிச்சூர் வரைக்கும் எட்டுமான்னு எனக்கு உறுதியாத் தெரியாது," என்றும் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லித்தான் பழக்கம்.

"உங்களுக்கே டவுட்டுன்னா பசங்க பாவம் சார்," என்று புத்தகத்தை மூடினார் தாளாளர். அன்று மாலையே சனிக்கிழமை கணக்குக்குப் போய்விட்டது.

சிப்பிகள் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள்.

"நான் சொன்னது ராங்கா சார்?"

"பாதி சரிம்மா."

"மீதி பாதி?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்பது வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "உங்க வீட்டுல எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கு?" என்று கேட்டேன்.

"தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு," என்று இடுப்பைக் காட்டினாள். பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். "ஓதம் இதுவரைக்கும். இன்னும் ஏறிக்கினே கீது சார்."

அடுத்த சனிக்கிழமை வீட்டில்தான் இருந்தேன். ஜன்னலில் பதினான்கு கம்பிகள். வகுப்பு நேரத்தில் கடலில் ஓதம் ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா என்று ஓத அட்டவணையைப் பார்த்தால் தெரிந்துவிடும். அது அலமாரியில்தான் இருக்கிறது. எடுக்கவில்லை.